கேட்டலேஸ் என்சைமுக்கு மாறியதும் ரியாக்டிவ் ஷேடு வெளிறுவது ஏன்?

சாயத்தை மாற்ற வேண்டாம். துணியில் பிளீச்சிங்குக்குப் போட்ட பெராக்சைடு மிச்சம் இருக்கும் போலிருக்கிறது. அது ரியாக்டிவ் சாயத்தை, அதாவது பருத்தி இழையோடு வினைபுரிந்து ஒட்டும் சாயத்தை, தின்றுவிடுகிறது. பெராக்சைடைப் போக்கும் வெந்நீர்க் கழுவலை நிறுத்தி, அதைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்சைமுக்கு மாறிய பிறகுதான் நீலம் வெளிறியது என்கிறீர்கள், அதனால் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது.

பிளீச்சிங் முடிந்த பாத்திலேயே (துணி ஊறும் கரைசலிலேயே) என்சைமைப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சூட்டிலும் காரத்திலும் கேட்டலேஸ் செத்துப்போகும். அது ஒரு புரதம், தயிர் மாதிரி பதமாக நடத்த வேண்டும்.

1. பாத்தை வடித்து, புதுத் தண்ணீர் பிடித்து, 50 டிகிரி அளவில் வையுங்கள்.
2. அசிட்டிக் ஆசிட் விட்டு பி.எச். 7 (நடுநிலை) பக்கம் கொண்டுவாருங்கள். பாத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பனியன் துணி உள்ளே காரத்தைப் பிடித்து வைத்திருக்கும். துணியைப் பிழிந்து, அந்த நீரைச் சோதியுங்கள்.
3. அப்புறம்தான் என்சைம். 15 நிமிடம் ஓட்டி, பிழிந்த நீரில் பெராக்சைடு ஸ்ட்ரிப்பை (சோதனைத் தாளை) நனையுங்கள். நிறம் மாறாவிட்டால் அதே பாத்தில் சாயம் போடலாம். தண்ணீர் மிச்சமாவது அதனால்தான்.

என்சைமுக்கு என்சைம் வேறுபடும், சூடு, பி.எச். வரம்பை உங்கள் டிரம்மோடு வந்த தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரிப் சுத்தமாக இருந்தும் வெளிறினால் கதை வேறு. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து திரும்பி வரும் உப்புக் கரைசலைச் சாயமேற்ற வாங்குகிறீர்களா? அதன் கடினத்தன்மையை (கால்சியம், மக்னீசியம் அளவை) சோதியுங்கள். அவசரத்துக்கு, பெராக்சைடை அழிக்கும் தயோசல்பேட்டை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், அது மிஞ்சினாலும் சில சாயங்கள் கெடும்.