சாம்பல் வௌவாலும் குகைக் கிரேஃபிஷும்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துச் சாம்பல் வௌவாலையும் ஹெல் க்ரீக் குகைக் கிரேஃபிஷையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். பறப்பதையும் நீரில் ஊர்வதையும் எந்த அடிப்படையில் ஒப்பிடுவது?

பதில்: உடலமைப்பை விட்டுவிட்டு உணவிலிருந்து தொடங்குங்கள். கிரேஃபிஷ், நம் கடலோரச் சிங்கி இறாலுக்கு நன்னீரில் வாழும் சொந்தம். இந்தியாவில் இயற்கையாக வாழும் கிரேஃபிஷ் இனம் எதுவும் இல்லை என்பதால் பெயரைக் கடன் வாங்கியிருக்கிறோம். வெயில் எட்டாத குகைக்குள் செடியோ பாசியோ வளராது. இரவில் ஆற்றின் மேல் பறந்து பூச்சிகளைத் தின்று திரும்பும் வௌவாலின் எச்சமும், வெள்ளம் அடித்துவரும் இலைதழையும்தான் அங்கே உணவின் ஊற்று. அவற்றை உண்ணும் சிற்றுயிர்களையும் மட்கையும் நம்பி, நிறமற்று, பார்வையற்று, உணர்கொம்புகளால் இருளைத் தடவியபடி வாழ்கிறது இந்தக் கிரேஃபிஷ். ஆகவே உங்கள் கட்டுரையின் நாயகர்கள் இருவரும் போட்டியாளர்கள் அல்லர். ஒருவர் வீட்டு எச்சிலில் மற்றவர் பிழைக்கிறார்.

கேள்வி: சாம்பல் வௌவால்கள் பல இலட்சம் உள்ளனவே, 1976இல் அதை ஏன் அழியும் இனமாக அறிவித்தார்கள்?

பதில்: எண்ணிக்கையைவிட, அவை எங்கே கூடுகின்றன என்பதே சிக்கல். குளிர்காலத்தில் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணத்தக்க குகைகளுக்குள் அடங்கிவிடுகிறது. அலபாமாவின் ஃபெர்ன் குகையில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேல் உறங்குகின்றன. விளக்கோடு யாரேனும் உள்ளே நுழைந்தால் அவை விழித்து, வசந்தம்வரை தாங்க வேண்டிய கொழுப்பை வீணாக எரித்துவிடும். தாய் ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனுவதால் இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகளாகும்.

கேள்வி: அப்படியானால் குகைவாயிலில் கம்பிக் கதவு போட்டால் இரண்டும் பிழைத்துக்கொள்ளுமா?

பதில்: வௌவாலுக்குப் பெரிதும் உதவும், அது நுழையும்படி கிடைக்கம்பிகளுக்கு இடைவெளி விட்டால். மிகச் சில இடங்களில் மட்டுமே வாழும், 1987இல் அழியும் இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்ட கிரேஃபிஷுக்கோ அது பாதிக் காப்புதான். சுண்ணாம்புக்கல் நிலத்தில் மழைநீர் மண்ணில் வடிகட்டப்படாமல் வெடிப்புகள் வழியே நேரே இறங்கிவிடும். மேலேயுள்ள பண்ணைக் கழிவும் வீட்டுக் கழிவுநீரும் கதவைத் தட்டிவிட்டா வரும்? எனவேதான் ஆய்வாளர்கள் நிலத்துக் குழிகளில் சாயம் கலந்த நீரை ஊற்றி, அது எந்த ஊற்றில் வெளிப்படுகிறது என்று பார்த்து, காக்க வேண்டிய நிலப்பரப்பை வரைகிறார்கள். பல வேளைகளில் அப்பரப்பு குகையைக் காட்டிலும் மிகப் பெரிதாக இருக்கும். அங்கே வேலி போடுவதைவிட நிலக்காரரிடம் பேசுவதே முதல் வேலை.