அடிப்பதற்கு முன் பாருங்கள்: ஒலிம்பியாட் இயற்கணிதம், கேள்வி பதில்

கணித ஒலிம்பியாடுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற டீச்சர் நான். இன்று சாயங்காலம் முழுக்க இங்கேதான் இருப்பேன். இயற்கணிதம் மட்டும் கேளுங்கள். மாறிகளை க, ச, த என்றே எழுதுகிறேன், இரண்டு வரியில் பழகிவிடும்.

பத்தாம் வகுப்பு மாணவி: க + 1/க = 3 எனில் க⁵ + 1/க⁵ எவ்வளவு? இருபடிச் சமன்பாடாக்கி க-வைக் கண்டுபிடித்தேன். √5 வந்தது. அதை ஐந்தாம் அடுக்குக்குக் கொண்டுபோக முடியவில்லை டீச்சர்.

க-வின் மதிப்பை யாராவது கேட்டார்களா? கேட்காததை எதற்கும்மா கண்டுபிடிக்கப் போனாய்? கொடுத்ததை வர்க்கப்படுத்து: க² + 1/க² = 9 − 2 = 7. கனப்படுத்து: க³ + 1/க³ = 27 − 9 = 18. இந்த இரண்டையும் பெருக்கினால் 126. அந்தப் பெருக்கலில் க⁵ + 1/க⁵ இருக்கும், கூடவே க + 1/க-வும் இருக்கும். அந்த 3 போக 123. √5 எங்கேயும் தலைகாட்டவில்லை பார்.

பிளஸ் ஒன் மாணவர்: அதே கணக்கில் 3-க்குப் பதில் 1. அடுக்கு 2024. இப்படியே ஏறிப்போனால் விடிந்துவிடும்.

ஏற வேண்டாம். க + 1/க = 1 என்றால் க² − க + 1 = 0. இரண்டு பக்கமும் (க + 1)-ஆல் பெருக்குங்கள், க³ + 1 = 0. ஆக க³ = −1, க⁶ = 1. 2024 = 6 × 337 + 2 என்பதால் மிச்சம் க² + 1/க² மட்டும்தான்: 1 − 2 = −1. (க மெய்யெண் இல்லை. மிகை மெய்யெண்ணாக இருந்தால் க + 1/க 2-க்குக் கீழே இறங்காது.)

ஒரு எச்சரிக்கை. (க + 1)-ஆல் பெருக்கினோமே, அப்போது −1 என்ற புது மூலம் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டது. பெருக்கினால் மூலம் நுழையும், வகுத்தால் மூலம் தொலையும். இதை இன்று பலமுறை சொல்வேன், கோபப்படாதீர்கள்.

ஒரு அப்பா: எந்தக் கோச்சிங் சென்டரில் சேர்க்கலாம்?

தெரியாது. இந்தியாவில் ஒலிம்பியாடைக் கவனிக்கிற ஹோமி பாபா மையத்தின் தளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்: க⁴ + 4 எப்போது பகா எண் ஆகும்? காரணிப்படுத்தவே முடியாது என்கிறான் நண்பன்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. நடுவில் ஒன்றுமே இல்லாததால்தான் முடியாது போலத் தெரிகிறது. இல்லாததை நாமே போட்டு, நாமே எடுப்போம். 4க²-ஐக் கூட்டிக் கழியுங்கள்:

க⁴ + 4க² + 4 − 4க² = (க² + 2)² − (2க)² = (க² + 2க + 2)(க² − 2க + 2)

இரண்டாவது காரணி (க − 1)² + 1. பகா எண் வேண்டுமென்றால் அது 1 ஆக வேண்டும். அப்படியானால் க = 1, விடை 5. மற்ற எந்த இயல் எண்ணுக்கும் பகு எண்தான். இதற்கு பிரெஞ்சுக் கணிதவியலாளர் சோஃபி ஜெர்மெய்ன் பெயரில் சோஃபி ஜெர்மெய்ன் முற்றொருமை என்று பெயர். பெண் என்று தெரிந்தால் மதிக்க மாட்டார்களோ என்று 'லெ பிளாங்' என்ற ஆண் பெயரில் கணித மேதை காஸுக்குக் கடிதம் எழுதியவர் அவர். 1969 சர்வதேச ஒலிம்பியாடின் முதல் கணக்கும் இந்த ஒரே வித்தையில் விழுந்துவிடும்: க எதுவானாலும் க⁴ + அ பகா எண் ஆகாதபடி அ-வுக்கு முடிவில்லாத மதிப்புகள் உண்டு என்று காட்டச் சொன்னார்கள். 4 இருந்த இடத்தில் 4ச⁴ போடுங்கள், ச 1-ஐவிடப் பெரிது.

மாணவி: கச − 3க − 2ச = 5. இயல் எண் தீர்வுகள்?

6-ஐக் கூட்டு. (க − 2)(ச − 3) = 11. பதினொன்றுக்கு எத்தனை வகுத்தி? (3, 14), (13, 4). முடிந்தது.

இன்னொருவர்: க + 1/க = 4 எனில் க³ + 1/க³?

மேலே பாருங்கள்.

இன்னொருவர்: வட்டத்துக்குள் நாற்கரம்…

வடிவியல் என் கடையில் கிடையாது.

எட்டாம் வகுப்பு: க + ச + த = 0 எனில் (க³ + ச³ + த³) ÷ கசத?

3. த = −(க + ச) என்று போட்டுக் கனப்படுத்திப் பார் கண்ணா.

இன்ஜினியரிங் மாணவர்: குறுக்கே வருகிறேன் டீச்சர். எதற்குக் கனப்படுத்த வேண்டும்? 1, 2, −3 போட்டால் −18 ÷ −6 = 3. ஐஓக்யூஎம் (ஒலிம்பியாடின் முதல் கட்டத் தேர்வு) தாளில் 3 மணி நேரத்தில் 30 கேள்வி, ஒன்றுக்கு 6 நிமிடம். 00 முதல் 99 வரை ஒரு எண்ணைக் கறுப்படித்தால் போதும், நிரூபணம் யார் கேட்டார்கள்?

சரி தம்பி, இதைக் கறுப்படியுங்கள்: (க + ச)/த = (ச + த)/க = (த + க)/ச = ம. ம-வின் எல்லா மதிப்புகளின் கூட்டுத்தொகை என்ன?

இன்ஜினியரிங் மாணவர்: மூன்றும் 1. ம = 2. விடை 02.

பத்தாம் வகுப்பு மாணவி: டீச்சர், 1, 1, −2 போட்டால் −1 வருகிறதே!

வருகிறது. விடை 2 − 1 = 1, அதாவது 01. மூன்று சமன்பாடுகளையும் கூட்டினால் 2(க + ச + த) = ம(க + ச + த). இந்த இடத்தில் எல்லோரும் அடைப்புக்குறியை இரண்டு பக்கமும் அடித்துவிட்டு 2 என்பார்கள். அடித்தது பூஜ்யமாக இருந்தால்? வகுத்தால் மூலம் தொலையும் என்று சொன்னேனா இல்லையா?

இன்ஜினியரிங் மாணவர்: எனக்கு −1 தோன்றாதது என் தப்பு. முறையின் தப்பு எப்படி ஆகும்? நீங்களும் விடையை எண் போட்டுத்தானே சரிபார்ப்பீர்கள்?

பாதி ஒப்புக்கொள்கிறேன். சரிபார்க்க மட்டுமா, காரணி கண்டுபிடிக்கவே எண் போடுவேன். (க + ச + த)³ − க³ − ச³ − த³-இல் ச = −க போடுங்கள், பூஜ்யம். ஆக (க + ச) ஒரு காரணி. சமச்சீர் இருப்பதால் மற்ற இரண்டும் தானாக வரும். மீதி ஒரு மாறிலிதான். மூன்றுக்கும் 1 போட்டால் 24 = 8 × மாறிலி, அது 3. ஆனால் இங்கே 'இதைத் தவிர வேறு இல்லை' என்று சொல்ல படி கணக்கு (இரண்டு பக்கமும் மூன்றாம் படிதான்) துணை நிற்கிறது. உங்கள் 02-க்கு என்ன துணை இருந்தது? அடுத்த கட்டத் தேர்வான ஆர்எம்ஓவில் வழிமுறை எழுத வேண்டும், அங்கே வெறுமனே எண் போட்டால் செல்லாது.

மூன்று பேர்: க + 1/க = 5 எனில்…

மேலே. மேலே. மேலே.

இன்ஜினியரிங் மாணவர்: இன்னொன்று கொடுங்கள் டீச்சர். இந்த முறை எண் போடவில்லை.

1959, ருமேனியா, முதல் சர்வதேச ஒலிம்பியாடின் இரண்டாவது கணக்கு. அதில் ஒரு பகுதி: √(க + √(2க − 1)) + √(க − √(2க − 1)) = 1.

இன்ஜினியரிங் மாணவர்: வர்க்கப்படுத்தினால் 2க + 2√((க − 1)²) = 1. 4க − 2 = 1. க = 3/4.

இப்போது எண் போட்டுப் பாருங்கள்.

இன்ஜினியரிங் மாணவர்: 1.207… 0.207… கூட்டினால் √2 வருகிறது. 1 வரவில்லை.

3/4 போட்டால் க − 1 குறை எண். அதன் வர்க்கத்துக்கு மூலம் எடுத்தால் க − 1 வராது, 1 − க தான் வரும். வர்க்கப்படுத்திய வரியில் அதைப் போட்டால் இடது பக்கம் 2. எங்கே 1-க்குச் சமமாகும்? தீர்வே இல்லை தம்பி. வலது பக்கம் √2 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஒரு இடைவெளி முழுக்கத் தீர்வாக வரும். எது என்று நாளைக்குச் சொல்லுங்கள், எனக்கு அடுப்பில் பால் இருக்கிறது.