டீத்தூள் எந்த டப்பாவில்?

வணக்கம் சார்,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நான்கு வருடக் காதல் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. அனிமே பார்க்கப் போய் ஜப்பானியப் பாட்டுகளுக்கு வந்தேன். அப்படியே மொழியும் கற்று, ஜப்பானிய மொழித்தேர்வில் என்4 நிலை தேறியிருக்கிறேன். நம் காதல் தோல்விப் பாட்டுகளில் ஒன்று பெண்ணைத் திட்டுகிறார்கள், இல்லாவிட்டால் பாட்டிலைத் தூக்குகிறார்கள். ஜப்பானியப் பாட்டுகளில் ஒரு பக்குவம் இருக்கிறது. எதுவும் நிலையில்லை என்று ஏற்றுக்கொண்டு கடந்து போகிறார்கள். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்கிறார்களே, பிறகு நமக்கு மட்டும் அது ஏன் வரவில்லை? உதடா ஹிகாருவின் ‘ஃபர்ஸ்ட் லவ்’வைத் தினமும் கேட்கிறேன். 16 வயதுப் பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மகிஹாரா நொரியுகி பாட்டில், ‘ஒருபோதும் சொல்ல மாட்டேன், இனி காதலே இல்லை என்று’ என வருகிறதே, அந்தத் தெளிவு எனக்கு எப்போது வரும்? மூவ் ஆன் ஆக உதவும் ஐந்து பாட்டுகளை வரிசைப்படுத்திச் சொல்ல முடியுமா? சப்டைட்டில் உள்ளதாக இருந்தால் நல்லது.

ம.

அன்புள்ள ம.,

ஐந்து பாட்டு கேட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று மட்டும்தான் கேட்கவில்லை.

கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏழாவது மாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ‘இப்ப பரவாயில்லையா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கேட்பதை நிறுத்திவிடும் மாதம் அது. போன வாரம் சமையலறைப் பரணை ஒழிக்கும்போது ஒரு பழைய போர்ன்விட்டா டப்பா கையில் அகப்பட்டது. அன்றிலிருந்து என் தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பது நீங்கள் எழுதியிருக்கும் அதே மகிஹாரா பாட்டு. இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

முதலில் சில்லறைகள். 16 வயதில் எப்படித் தெரியும் என்றால், அப்போதுதான் தெரியும். 40 வயதில் மறந்துபோகும். ‘ஃபர்ஸ்ட் லவ்’ என்ற அந்த ஆல்பம் 1999 மார்ச்சில் வந்தது. ஜப்பானில் இன்றுவரை மிக அதிகமாக விற்ற ஆல்பம் அதுதான். வாங்கியவர்கள் யாரும் பாடகியிடம் வயதுச் சான்றிதழ் கேட்கவில்லை.

மொழி உறவு விஷயம். ஓனோ சுசுமு என்ற பேராசிரியர் தமிழையும் ஜப்பானிய மொழியையும் இணைத்து நிறைய எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. விட்டுவிடுங்கள். அடுத்த தெருக்காரருக்கு உங்கள் மூக்கு இருக்கிறது என்பதற்காகச் சொத்தில் பங்கு கேட்பாரா? மூக்கு ஒன்றாக இருக்கிறது என்பது மட்டும் உண்மை. அதைப் பிறகு பேசுகிறேன்.

நம் பாட்டுகளில் பெண்ணைத் திட்டுவது பற்றி உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

பக்குவம் பற்றித்தான் சண்டை. ஜப்பானியர்கள் செர்ரிப் பூ உதிர்வதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுநாள் காலை எட்டு மணி ரயிலைப் பிடித்துவிடுகிறவர்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? அவர்கள் மொழியில் ‘மிரென்’ என்று ஒரு சொல் இருக்கிறது. நம் ‘விட்ட குறை’க்கு மிக அருகில் வருவது. ‘என்கா’ என்ற பழைய பாணிச் சோகப் பாட்டுகளைப் பாடுகிறவர்கள் பல பத்தாண்டுகளாக அந்த ஒரு சொல்லை வைத்தே சோறு சாப்பிட்டார்கள். இஷிகாவா சயூரி 1977-ல் பாடிய ‘ட்சுகரு கைக்யோ ஃபுயுகெஷிகி’யைக் கேளுங்கள். ஒரு பெண் தோக்கியோவின் உயெனோ நிலையத்தில் இரவு ரயில் ஏறி, பனி கொட்டும் அவோமொரியில் இறங்கி, தனியாகக் கப்பல் ஏறி வடக்கே போகிறாள். எல்லாம் ஒருவனை விட்டுவிடுவதற்காக. கடலுக்கு அடியில் சுரங்க ரயில்பாதை திறந்து 1988-ல் அந்தக் கப்பலே நின்றுபோனது. பாட்டு நிற்கவில்லை. அந்தப் பாட்டில் வரும் தப்பி முனையில் அதற்கு ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் கடற்காற்றையும் மீறிக்கொண்டு பாடுகிறது. கடந்து போகிறவர்கள் செய்கிற காரியமா இது?

யமசாகி மசயோஷி 1997-ல் பாடியது இன்னும் மோசம். இருக்கவே முடியாது என்று தெரிந்தும் எதிர் பிளாட்பாரத்தில், சந்து வீட்டு ஜன்னலில் என்று தேடிக்கொண்டே இருக்கிறான். நம்மூராக இருந்தால் வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போயிருப்பார்கள்.

சரி, மகிஹாரா. 1992-ல், 23 வயதில் வெளியிட்ட பாட்டு. நீங்கள் எழுதிய வரியைத் திரும்பப் படியுங்கள்: ‘ஒருபோதும் சொல்ல மாட்டேன், இனி காதலே இல்லை என்று.’ தமிழில் எழுதும்போதுகூட வாக்கியத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள், ஏனென்றால் சப்டைட்டில் அப்படி இருந்தது. தமிழ் தாய்மொழி, ஜப்பானிய மொழியில் ஒரு பரீட்சை தேறியாயிற்று, இரண்டுக்கும் நடுவில் ஆங்கிலத்துக்கு என்ன வேலை? பக்கத்து வீட்டுக்குப் போக விமானம் ஏறுகிறீர்கள்.

பாட்டின் தலைப்பு ‘மோ கோய் நான்தே ஷினாய்’. மோ, இனிமேல். கோய், காதல். நான்தே என்பது ஒன்றை லேசாக உதறிப் பேசும் சொல், நம் ‘எல்லாம்’ மாதிரி. ஷினாய், பண்ண மாட்டேன். ‘இனிமேல் காதல் எல்லாம் பண்ண மாட்டேன்.’ தலைப்பு அங்கே முடிகிறது. பாட்டுக்குள் அதே வாக்கியம் இன்னும் கொஞ்சம் நடக்கிறது: ‘நான்தே இவனாய் யோ, ஸெத்தாய்.’ மறுபடி அதே நான்தே, இந்த முறை ‘என்றெல்லாம்’. இவனாய், சொல்ல மாட்டேன். ஸெத்தாய், சத்தியமாக. சேர்த்துச் சொல்லுங்கள்: ‘இனிமேல் காதல் எல்லாம் பண்ண மாட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், சத்தியமாக.’ ஒரு சொல்லைக்கூட இடம் மாற்றவில்லை. அந்த இரண்டு ‘எல்லாம்’கூட அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. ‘ஷினாய்’ வரை அவன் சபதம் போடுகிறான். நாமும் நம்பிவிடுகிறோம். அடுத்த மூச்சில் அதைக் கவிழ்த்துவிடுகிறான். நம் காது இதற்குப் பழகிய காது. நம்மிடமும் ஒருவர் வாக்கியத்தைக் கடைசிவரை சொல்லி முடிக்காமல் அவர் வருகிறாரா வரவில்லையா என்று தெரியாதே. சப்டைட்டிலோ ‘சொல்ல மாட்டேன்’ என்பதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறது. உங்களுக்குக் கிடைத்தது தெளிவு. அவன் பாடியது தடுமாற்றம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த வரிக்கு முந்தைய வரியை நீங்கள் கவனிக்கவே இல்லை. உன்னிடம் ஒரே ஒரு ‘த்சுயோகரி’ பேசலாம் என்றால் இதைச் சொல்வேன் என்கிறான். த்சுயோகரி என்றால் வீராப்பு. உள்ளே ஆடிப்போயிருக்கும்போது வெளியே மீசையை முறுக்குவது. உங்களுக்கு எப்போது வரும் என்று ஏங்குகிறீர்களே, அந்தத் தெளிவுக்கு அவனே வைத்த பெயர் வீராப்பு.

அவனுடைய உண்மை நிலவரம் பாட்டின் தொடக்கத்தில் இருக்கிறது. நீ இல்லாவிட்டால் என்னால் ஒன்றும் ஆகாதா என்ன என்று கெட்டிலை அடுப்பில் ஏற்றுகிறான். டீ எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. காலை உணவு செய்துவிடுகிறான், சுமாராக இருக்கிறது. நீ செய்திருந்தாலாவது வாய் நிறையக் குறை சொல்லியிருப்பேனே என்கிறான்.

சென்னைக்கு வெளியே ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சில வருடங்கள் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். ஊர் திரும்பவிருந்த ஒரு ஜப்பானிய மேலாளருக்குப் பிரிவுபசார விருந்து. கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு அவர் இதைப் பாடினார். ஸ்ருதி எங்கேயோ, அவர் எங்கேயோ. டீ எங்கே என்று தெரியவில்லை என்ற வரி வந்ததும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, பேசுவதுபோல் நின்றேன்.

ஏனென்றால் அதற்கு இரண்டு வருடம் முன்பு, என் மனைவி போன நான்காம் நாள், நானும் அப்படித்தான் நின்றேன். எங்கள் வீட்டில் எந்த டப்பாவிலும் மேலே எழுதியிருப்பது உள்ளே இருந்ததில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு. பிஸ்கட் டின்னில் சுண்டைக்காய் வற்றல். காபித்தூள் என்று அவளே எழுதி ஒட்டிய டப்பாவில் கடுகு. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. வக்கீல் மூலமாக மட்டுமே பேசுவது என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தவன், அவள் அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டேன். நல்லவேளை, அவளே எடுத்தாள்.

‘டீத்தூள் எங்க?’

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சிரித்தாளா என்று இன்றுவரை தெரியாது.

‘போர்ன்விட்டா டப்பால. சக்கரை அதுக்குப் பின்னாடி.’

பிறகு, ‘சரி, அப்ப.’ வைத்துவிட்டாள்.

வீட்டிலிருந்து கிளம்பும் ஜப்பானியர் சொல்வது ‘இத்தே கிமாஸ்’. ‘போய்ட்டு வரேன்’, அப்படியே. நம் வீடுகளைப் போலவே அங்கும் யாரும் வெறுமனே ‘போகிறேன்’ என்று வாசல் தாண்டுவதில்லை. ‘சயோனரா’ வேறு. ‘சயோ நராபா’ என்பதிலிருந்து தேய்ந்து வந்தது. ‘அப்படியென்றால்’ என்று பொருள். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. வாக்கியத்தின் மிச்சத்தைச் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். அகராதியில் அதைப் படித்த அன்று எனக்கு அந்தத் தொலைபேசிக் குரல்தான் கேட்டது.

டப்பாவை நான் இன்னும் தூக்கிப்போடவில்லை. மகிஹாராவும் இரண்டு பல்துலக்கிகளில் ஒன்றைக் குப்பையில் போட்டுவிடலாம் என்றுதான் பாடுகிறான். போட்டுவிட்டேன் என்று பாடவில்லை. அந்த வினைமுடிவை இப்போதாவது கவனித்துக் கேளுங்கள்.

ஐந்து கேட்டீர்கள். மூன்றைச் சொல்லியாயிற்று, அவற்றில் எதுவும் நீங்கள் கேட்ட வேலைக்கு உதவாது. நான்காவதாக ஓட்டா ஹிரோமி 1975-ல் பாடிய ‘மோமென் நோ ஹங்கசீஃபு’. நகரத்துக்குப் போன காதலன் எழுதும் கடிதங்களையும் ஊரிலிருக்கும் காதலியின் பதில்களையும் ஒரே பாடகி பாடுகிறார். மோதிரம் அனுப்புகிறேன் என்கிறான், அவளுக்கு அது வேண்டாம். கடைசிக் கடிதத்தில் அவளாகவே ஒரு பரிசு கேட்கிறாள். என்ன பரிசு என்பதைச் சப்டைட்டில் இல்லாமல் கேட்டு, நேராகத் தமிழில் எழுதி அனுப்புங்கள். ஏமாற்றினால் எனக்குத் தெரிந்துவிடும். உங்கள் வினைச்சொற்கள் வாக்கியத்தின் தொடக்கத்துக்கு ஓடியிருக்கும்.