பல் கூச்ச பேஸ்ட் கேட்கிறதா இல்லையா? சோதித்துப் பார்ப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். கூச்சத்துக்கான பேஸ்ட்டுக்கு மாறி ஆறு நாளாச்சு. ஐஸ் தண்ணி பட்டா இன்னும் சுள்ளுனு ஏறுது. காசு தண்டம்தானா?

பதில்: ஆறு நாளில் அப்படி முடிவு கட்டாதீர்கள். முதலில் டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொட்டாசியம் நைட்ரேட் 5% என்று இருந்தால், அது பல்லுக்குள் உள்ள நரம்பை அமைதிப்படுத்தும் வகை. பொட்டாசியம் நரம்பருகே சேர்ந்து நிற்க வேண்டும் என்பதால், தினம் இரண்டு வேளை தேய்த்தாலும் 2 முதல் 4 வாரம் பிடிக்கும். ஸ்டானஸ் ஃபுளோரைடு, ஆர்ஜினின், ஸ்ட்ரான்சியம், கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட் ஆகியவை வேறு வழியில் வேலை செய்கின்றன. நுண்குழாய்களின் வாயை அடைக்கின்றன. பிராண்டைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே பிராண்டில்கூட வகைக்கு வகை மருந்து மாறும்.

கேள்வி: அது என்ன நுண்குழாய்?

பதில்: பல்லின் கடினமான மேல்பூச்சான எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் முழுக்க கண்ணுக்குத் தெரியாத குழாய்கள். உள்ளே திரவம் இருக்கும். ஈறு இறங்கி, பல் கழுத்து வெளியே தெரிந்தால் குழாய்களின் வாய் திறந்துகொள்ளும். குளிரோ காற்றோ பட்டதும் உள்ளே திரவம் நகர, நரம்பு அதை வலியாக உணர்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த பல் ஆராய்ச்சியாளர் பிரான்ஸ்ட்ரோம் 1960களில் நிறுவிய விளக்கம் இது. கூசும் பல்லில் திறந்த குழாய்கள் கூசாத பல்லைவிட ஏறக்குறைய 8 மடங்கு அதிகம், அகலமும் ஏறக்குறைய 2 மடங்கு என்று 1987-இல் மைக்ராஸ்கோப்பில் எண்ணிக் காட்டினார்கள்.

கேள்வி: ஆராய்ச்சியில் எப்படிச் சோதிக்கிறார்கள் சார்? "ரொம்ப நல்லா இருக்கு"ன்னு சொன்னா போதுமா?

பதில்: போதாது. பெரும்பாலும் இரண்டு வகைத் தூண்டல் கொடுப்பார்கள். ஒன்று, பல் நாற்காலியில் உள்ள காற்றுக் குழாயால் 1 செ.மீ. தூரத்திலிருந்து 1 விநாடி காற்று அடித்து, பக்கத்துப் பற்களை விரலால் மறைத்துக்கொண்டு, 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவது. இன்னொன்று, அழுத்தத்தை அளக்கும் ஊசிமுனையால் 10 கிராமில் தொடங்கிப் பத்துப் பத்தாகக் கூட்டி, எத்தனையில் வலிக்கிறது என்று பார்ப்பது. இதை 8 வாரம் வரை செய்வார்கள். பாதிப் பேருக்குக் கூச்ச மருந்து இல்லாத சாதாரண பேஸ்ட். யாருக்கு எது என்பது தேய்ப்பவருக்கும் தெரியாது, சோதிப்பவருக்கும் தெரியாது.

இதில் கவனிக்க வேண்டியது, சாதாரண பேஸ்ட் தேய்த்தவர்களுக்கும் கூச்சம் கணிசமாகக் குறைகிறது. கவனமாகத் தேய்ப்பது, நம்பிக்கை, கூச்சம் உச்சத்தில் இருக்கும்போது ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களுக்கு அது பிறகு தானாகத் தணிவது எல்லாம் சேர்ந்த பலன் அது. அதற்கு மேல் எவ்வளவு குறைந்ததோ அதுதான் மருந்தின் கணக்கு.

கேள்வி: வீட்டுல நானே சோதிக்க முடியுமா?

பதில்: முடியும், அவசரப்படாமல் செய்தால். புது சாஃப்ட் பிரஷ் வாங்கி, முதல் 2 வாரம் சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட்டிலேயே தேயுங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். பிரஷையும் பேஸ்ட்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, எல்லாப் பெயரையும் பேஸ்ட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

கூசும் பல் ஒன்று, கூசாத பல் ஒன்று தேர்ந்தெடுங்கள். தம்ளரில் பாதித் தண்ணீர், பாதி ஐஸ் போட்டு 5 நிமிடம் கலக்குங்கள். ஐஸ் கரையாமல் மிச்சம் இருக்கும் வரை தண்ணீர் 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். எந்த நாளில் சோதித்தாலும் அதே குளிர். பஞ்சுக் குச்சியை நனைத்து, ஈறை ஒட்டிய பல் கழுத்தில் 2 விநாடி வையுங்கள். 0 முதல் 10 வரை மதிப்பெண் எழுதுங்கள். அடுத்த தொடுதலுக்கு 5 நிமிட இடைவெளி. சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, பல் தேய்ப்பதற்கு முன், தினமும் ஒரே வேளையில்.

வீட்டில் ஒருவரைத் தொடச் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் இடையிடையே வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த குச்சியையும் வைக்கட்டும். அதற்கும் 6 போட்டீர்களானால், பல்லைவிட எதிர்பார்ப்பே அதிகம் பேசுகிறது என்று அர்த்தம். அன்றைய கணக்கை விட்டுவிடுங்கள்.

மூன்று நாள் சராசரியை எழுதிவைத்துவிட்டு மருந்து பேஸ்ட்டுக்கு மாறுங்கள். 2, 4, 8 வாரங்களில் அதேபோல் மூன்று நாள் சராசரி. 7 என்பது 6 ஆனால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 2 புள்ளிக்குக் குறையாமல் இறங்கி, அடுத்த முறையும் அங்கேயே நின்றால் குறைந்திருக்கிறது. அதன் பிறகு 4 வாரம் பழைய பேஸ்ட்டுக்குத் திரும்புங்கள். கூச்சம் மறுபடி ஏறினால் மருந்துதான் வேலை செய்திருக்கிறது.

கேள்வி: தேய்ச்சதும் நல்லாக் கொப்பளிச்சிடுறேன். தப்பா?

பதில்: நுரையைத் துப்புங்கள், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள், மருந்து கழுவிக்கொண்டு போய்விடும். ஆர்ஜினின் பேஸ்ட்டாக இருந்தால் விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துக் கூசும் இடத்தில் 1 நிமிடம் மெதுவாகத் தேய்க்கலாம். சிலருக்கு உடனே தணியும்.

கேள்வி: அம்மா உப்பும் கரியும் போட்டுத் தேய்க்கச் சொல்றாங்க.

பதில்: சோதனை நடக்கும்போது மட்டுமல்ல, கூச்சம் உள்ளவர்கள் எப்போதுமே வேண்டாம். இரண்டும் சொரசொரப்பு, பல் கழுத்தில் வெளியே தெரியும் டென்டின் எனாமலைவிட மென்மையானது, தேய்ந்துகொண்டே போகும். எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய், கோலா சாப்பிட்ட உடனும் தேய்க்காதீர்கள். புளிப்பில் பல்லின் மேற்பரப்பு இளகியிருக்கும், அரை மணி நேரமாவது போகட்டும்.

கேள்வி: எனக்கு ஒரே ஒரு பல்லுதான் கூசுது, டீ குடிச்சாலும் வலி அஞ்சு நிமிஷம் நிக்குது. இந்தச் சோதனை செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம், பல் டாக்டரிடம் போங்கள். கூச்சம் குளிர் விலகியதும் அடங்கிவிடும். சூட்டில் கிளம்பி நிமிடக்கணக்கில் நிற்கும் வலி, ராத்திரி எழுப்பும் வலி, கடிக்கும்போது குத்தும் வலி ஆகியவை சொத்தையோ, விரிசலோ, நரம்பு அழற்சியோ ஆகலாம். பொட்டாசியம் பேஸ்ட் அந்த வலியைக் கொஞ்சம் அமுக்கிவைத்தால் இன்னும் ஆபத்து: வேர் சிகிச்சையே தேவைப்படும் அளவுக்கு நாள் கடந்துவிடும். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் இந்த பேஸ்ட்டை டாக்டர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.