நாயைக் களத்தில் நிறுத்தினால் ஏன் உட்கார்ந்துவிடுகிறது?

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னுடைய அல்சேசன் பெட்டைக்கு 14 மாதம். கொழும்பில் நடக்கும் நாய்க் கண்காட்சிக்குக் கொண்டுபோக ஆசை. படங்களில் பார்த்தபடி ஒரு பின்காலை இழுத்து வைத்து, இறைச்சித் துண்டைத் தூக்கிக் காட்டுகிறேன். உடனே உட்கார்ந்துவிடுகிறாள், இல்லாவிட்டால் முதுகை வளைக்கிறாள். எங்கே பிழை?"

இறைச்சியைத் தூக்கிக் காட்டுவதுதான் முதல் பிழை. துண்டு மூக்குக்கு மேலே போனால் தலை உயரும், தலை உயர்ந்தால் இடுப்பு இறங்கும். குட்டியை 'இரு' என்று பழக்கும்போது நாம் செய்வதும் இதைத்தானே! அவித்த ஈரலை மூக்கு மட்டத்தில், ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். அவள் கழுத்தை முன்னே நீட்டிப் பார்ப்பாள், பாரமும் முன்கால்களுக்கு வரும்.

இரண்டாவது பிழை பின்காலில். மற்ற இனங்கள் பெரும்பாலும் நான்கு காலையும் சதுரமாக வைத்து நிற்கும். அல்சேசன் என்று நாம் சொல்லும் ஜேர்மன் ஷெப்பர்டுக்கு மட்டும் நடுவர் பக்கத்துப் பின்கால் பின்னே, மற்றது வயிற்றுக்குக் கீழே. எவ்வளவு பின்னே என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டி, மேசன் தூக்குக்குண்டு பிடிப்பதுபோல, பின்காலில் பாதத்துக்குச் சற்று மேலே பின்பக்கம் துருத்தி நிற்கும் மூட்டின் அருகே தொங்கவிட்டுப் பாருங்கள். மூட்டிலிருந்து பாதம் வரையான அந்தக் குட்டை எலும்பு நூலோடு ஒட்டி நேராக நின்றால் போதும். அதற்கு மேல் ஒரு அங்குலம் இழுத்தாலும் பாதம் மூட்டைத் தாண்டிப் பின்னே போய்விடும். பிடிமானம் இல்லாத நாய் முதுகை வளைத்தோ உட்கார்ந்தோதான் சமாளிக்கும். சர்வதேச இன விதியில் இடுப்பின் பின்பகுதிக்கு ஏறத்தாழ 23 பாகைச் சரிவு சொல்லப்பட்டிருக்கிறது. அந்தச் சரிவு எலும்பிலேயே இருக்க வேண்டும். காலை இழுத்து அதை உண்டாக்கப் பார்ப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. நாய்க்கும் நோகும், அனுபவமுள்ள நடுவருக்கும் தெரிந்துவிடும்.

நிறுத்தும்போது முன்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கழுத்துப் பட்டி காதுகளுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கட்டும், அதை வலக்கையால் பிடியுங்கள். இடது முன்காலை வைக்க வேண்டுமென்றால் தலையை மெல்ல வலப்பக்கம் திருப்புங்கள். பாரம் மறுகாலுக்குப் போய்விடும், இந்தக் கால் இலேசாகிவிடும். பாதத்தைப் பிடித்து இழுத்தால் அவள் உதறுவாள். முழங்கையைப் பிடித்துத் தூக்கி, தோள் உச்சிக்கு நேர் கீழே இறக்கி வையுங்கள். பின்காலுக்கு மூட்டைப் பிடியுங்கள். முதுகை மேலிருந்து அமுக்கவே வேண்டாம், அமுக்கினால் நாய் எதிர்த்து வளைக்கும். உட்காரப் பார்த்தால் உள்தொடையில் விரல் நுனியை வைத்தால் போதும், எழுந்து நிற்பாள்.

அப்புறம், எங்கே பழக்குகிறீர்கள்? வன்னி வளவுகளில் பெரும்பாலும் மணல், இல்லாவிட்டால் கிரவல். மணலில் பின்பாதம் புதையும், நன்றாக நிற்கும் நாயும் சரிந்து தெரியும். நெல் காயவிடும் சீமெந்துத் தளம் பக்கத்தில் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். சுட்ட சீமெந்தில் எந்த நாயும் காலை ஊன்றாது, மூச்சு வாங்கும் நாய் தலையை நிமிர்த்தாது. முதல் கிழமை இரண்டு மூன்று நிமிடம் போதும். கொழும்பில் களம் புல்லாகவும் இருக்கலாம் என்பதால், கடைசிக் கிழமைகளில் பள்ளிக்கூட மைதானப் புல்லிலும் நிறுத்திப் பாருங்கள்.

நகத்தையும் பாருங்கள். நீண்ட நகம் விரல்களை விரித்துவிடும், பிறகு எப்படி வைத்தாலும் பாதம் அழகாக நிற்காது. நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்து இழுக்கும் நாய்க்கும் முன்கால் வெளியே திரும்பலாம். வளவுக்கு வேலி இருந்தால் அவிழ்த்துவிடுங்கள்.

இன்னொன்று, நடுவர் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார், உடம்பையும் தடவிப் பார்க்கக்கூடும். வீட்டாரை மட்டுமே அறிந்த அல்சேசன் அந்த இடத்தில் பின்வாங்கினால் நிறுத்திய நிலை அத்தனையும் கலையும். ஆகவே இன்றிலிருந்தே வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், அவள் நிற்கும்போது வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்த்து முடிந்ததும் ஈரல் துண்டை அவர் கையாலேயே கொடுக்கட்டும்.