இரண்டு லேபில் இரண்டு விதமாக ரிசல்ட் வந்தால் எதை நம்புவது? பயாப்ஸி ரிப்போர்ட்டுக்கு ஏன் இத்தனை நாள்?

கேள்வி கேட்ட நண்பர் இரண்டு விஷயங்களைச் சேர்த்து எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது காலையில் ஒரு லேபில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுக்கள்) 38,000 என்று ரிப்போர்ட். பதறிப்போய் அன்று மாலையே வேறொரு லேபில் எடுத்தால் 1,90,000. இன்னொரு பக்கம், சித்தப்பாவுக்குக் கழுத்தில் கட்டி. சதையை டெஸ்டுக்கு அனுப்பி எட்டு நாளாகிறது, இன்னும் ரிப்போர்ட் வரவில்லை. லேபையெல்லாம் நம்பலாமா என்று கேட்கிறார்.

நான் 19 வருடமாக லேப் டெக்னீஷியன். முதல் ஏழு வருடம் பயாப்ஸி பிரிவில் மெழுகும் கத்தியுமாக இருந்தேன், அப்புறம் ரத்தப் பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டிலும் கை வைத்தவள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அம்மா விஷயம். 38,000 இருந்த பிளேட்லெட் ஒரு பகலுக்குள் தானாக 1,90,000 ஆக ஏறாது. ஆகவே இரண்டில் ஒன்று தப்பு. இப்படி வரும்போது பெரும்பாலும் குறைவாகக் காட்டியதுதான் தப்பாக இருக்கும்.

ரத்த அணுக்களை எண்ணுவதற்கு ஊதா மூடி ட்யூபில் ரத்தம் எடுப்போம். அதன் உள்பக்கம் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் பூசியிருக்கும். ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. மெஷின் அந்த ரத்தத்தை நீர்த்து, நுண்ணிய துளை வழியாக இழுத்து, கடந்துபோகும் ஒவ்வொன்றின் அளவையும் பார்த்து இது சிவப்பணு, இது பிளேட்லெட் என்று எண்ணும். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருடைய ரத்தத்தில், ஈ.டி.டி.ஏ. பட்டதும் பிளேட்லெட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகிவிடும். உடம்புக்குள் அப்படி நடக்காது, ட்யூபுக்குள் மட்டும்தான். பத்துப் பிளேட்லெட் ஒட்டிய கொத்து மெஷினுக்குப் பிளேட்லெட்டாகத் தெரியாது. சில நேரம் அதை வெள்ளையணுவோடு சேர்த்து எண்ணிவிடும். ரத்தம் எடுத்து நேரம் ஆக ஆக ஒட்டுவதும் கூடும். அதனால் உடனே மெஷினில் ஓட்டிய லேபில் சரியாகவும், சாம்பிளைச் சேகரித்துப் பல மணி நேரம் கழித்து ஓட்டிய லேபில் குறைவாகவும் வரலாம். நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று முறை குத்தி, சொட்டுச் சொட்டாக எடுத்த ரத்தத்திலும் இதே கதைதான். ட்யூபுக்குள் சின்னதாக உறைந்து, அந்த உறைகட்டி பிளேட்லெட்களை இழுத்துக்கொள்ளும்.

கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இழுப்பின் கடைசி ஓரத்தில் கொத்துகள் உட்கார்ந்திருக்கும். பார்த்ததும் நீல மூடி ட்யூபில் மறுபடி எடுப்போம். அதில் சோடியம் சிட்ரேட் என்ற திரவம் இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு திரவம் என்பதால், வருகிற எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும். மொத்தமும் அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேர வேலையை நான் ஒருமுறை செய்யாமல் விட்டிருக்கிறேன். ரத்தப் பிரிவுக்கு வந்த புதிதில் 24 வயதுப் பெண் ஒருத்திக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் டெஸ்டுகள். பிளேட்லெட் 26,000. ஈறில் ரத்தக் கசிவு இல்லை, தோலில் ஒரு சிவப்புப் புள்ளி கிடையாது. அவளே நடந்து வந்து உட்கார்ந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். வெளியே பெரிய வரிசை. எண்ணைப் பார்த்தேன், ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன். ஆபரேஷன் நின்றது. எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று பெரிய ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்லைடு பார்த்த டெக்னீஷியன் கொத்துகளைக் காட்டியிருக்கிறார். நீல மூடி ட்யூபில் 2,10,000. அவளுடைய அப்பா திரும்பி வந்தபோது என்னிடம் கோபப்படவில்லை. "ஒண்ணும் இல்லைன்னுட்டாங்கம்மா" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பத்து நாளுக்காக அவர் வட்டிக்குப் பணம் வாங்கியது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதிலிருந்து ஒரு லட்சத்துக்குக் கீழே எந்த எண் வந்தாலும் ஸ்லைடு பார்க்காமல் நான் வெளியே விட்டதில்லை.

ஆனால் ஒன்று, காய்ச்சலில் பிளேட்லெட் குறைவாக வந்தாலே மெஷின் தப்பு என்று இருந்துவிடாதீர்கள். டெங்குவில் அது உண்மையாகவே இறங்கும். அங்கேயும் அந்த ஒரு எண்ணை மட்டும் துரத்துவது சரியில்லை. அதே ரிப்போர்ட்டில் ஹெமட்டோக்ரிட் அல்லது பி.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்பது அது. டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறும்போது ரத்தம் கெட்டியாகி, நோயாளியின் வழக்கமான அளவைவிட அது 20 சதவீதமோ அதற்கு மேலோ ஏறும். டாக்டர்கள் அதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். விடாத வயிற்று வலி, தொடர்ந்து வாந்தி, ரத்தக் கசிவு, அசாத்தியச் சோர்வு இருந்தால் எந்த எண்ணுக்காகவும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். டெங்கு டெஸ்டிலும் நாள் கணக்கு உண்டு. டெங்கு வைரஸின் புரதத்தையே தேடுகிற என்.எஸ்.1 டெஸ்டைக் காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் எடுத்தால்தான் பயன் அதிகம். ஐ.ஜி.எம். என்பது வைரஸுக்கு எதிராக உடம்பு செய்கிற எதிர்ப்புப் பொருள், அது நான்கைந்து நாள் கழித்துத்தான் தெரிய ஆரம்பிக்கும். இரண்டாம் நாளே ஐ.ஜி.எம். எடுத்து "நெகட்டிவ்" என்று நிம்மதியாகப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

காய்ச்சல் என்றதும் நம்மூரில் எழுதிக் கொடுக்கிற விடால் டெஸ்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1896-இல் வந்த முறை அது. டைபாய்டு கிருமியைத் தேடாமல், அதற்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. எப்போதோ வந்துபோன டைபாய்டு, வேறு சில காய்ச்சல்கள், இவற்றால்கூடப் பாசிட்டிவ் வரலாம். டைபாய்டு பரவலாக உள்ள நம் ஊர்களில் ஒரே ஒரு விடால் ரிசல்ட்டை வைத்து முடிவெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ரத்தத்தை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர்தான் நம்பகமானது. அதையும் ஆன்டிபயாடிக் மாத்திரை போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் தேவை. "இவ்வளவு ரத்தமா" என்று தடுக்காதீர்கள். கிருமி ரத்தத்தில் மிகக் குறைவாகத்தான் சுற்றும், குறைவாக எடுத்தால் கிடைக்காமலே போய்விடும்.

நாள்பட்ட நோய்களில் வேறு மாதிரிக் குழப்பம் வரும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ஒருமுறை ஏறியிருந்தால் அது திடீர்ப் பாதிப்பா, நாள்பட்டதா என்று அந்த ஒரு காகிதத்தால் சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். அதனால் பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்கிற எச்.பி.ஏ.1.சி. 6.5 சதவீதத்தைத் தொட்டால் சர்க்கரை நோய் என்று கணக்கு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது, அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அளக்கிறோம். இரும்புச்சத்துக் குறைவால் சோகை இருந்தால் இது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் நம்பவே முடியாது. நம் பெண்களில் சோகை எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து ரத்தம் எடுக்கிறவரிடம் சொல்லிவிடுங்கள். சில மெஷின்களின் சோதனை முறையிலேயே பயோட்டின் ஒரு பாகம். மாத்திரை அதிக அளவில் ரத்தத்தில் இருந்தால் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். குறைவாகவும் தைராய்டு ஹார்மோன் அதிகமாகவும் காட்டி, இல்லாத நோயை எழுதிவிடும். டாக்டரிடம் கேட்டு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு வந்தால் போதும்.

நம்பலாமா என்று கேட்டீர்களே, எனக்கு அதற்கு எப்போதும் 1986 ஞாபகம் வரும். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்றே தெரியாத காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி படித்துக்கொண்டிருந்த நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வைக்க வசதியில்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, பிறகு வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப்போய் நிறமாற்றத்தை வைத்து எதிர்ப்புப் பொருளைக் கண்டுபிடிக்கும் எலைசா முறையில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது பாசிட்டிவ். அவர்கள் உடனே அறிவித்துவிடவில்லை. அந்த ஆறு பேரிடம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள், அமெரிக்காவில் வேறொரு முறையில் சோதித்து உறுதியான பிறகுதான் செய்தி வெளியே போனது. நான் நம்புகிற லேப் வேலை என்றால் அதுதான். எதிர்பாராத முடிவு வந்தால், வேறு வழியில் ஒருமுறை பார்க்காமல் விடக் கூடாது.

சித்தப்பாவின் பயாப்ஸி தாமதத்துக்கும் காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

ரத்தம் போல் சதையை மெஷினில் வைத்து எண் வாங்க முடியாது. எடுத்தவுடன் அது சதை கெடாமல் காக்கிற ஃபார்மலின் திரவத்தில் போக வேண்டும், சதையைப் போலப் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். ஃபார்மலின் சதைக்குள் இறங்குவது மணிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அவசரப்படுத்தினால் நடுப்பகுதி அழுகிவிடும், அப்புறம் எந்த டாக்டராலும் படிக்க முடியாது. மறுநாள் பேத்தாலஜிஸ்ட், அதாவது சதையைப் பார்த்து நோயைச் சொல்கிற டாக்டர், அதை வெட்டிப் பார்த்து, எந்த இடத்தைச் சோதிப்பது என்று தேர்ந்தெடுப்பார். அந்தத் துண்டுகள் இரவு முழுக்க ஆல்கஹால், சைலீன், உருகிய மெழுகு என்று வரிசையாக மூழ்கி எழும். காலையில் மெழுகுக் கட்டியாக வார்ப்போம். அதற்குப் பெயர் பிளாக். பிறகு மைக்ரோடோம் கத்தியில் 3 அல்லது 4 மைக்ரான் தடிமனுக்குச் சீவ வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு. மூச்சு வேகமாக விட்டால் பறந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அதை மிதக்கவிட்டு, சுருக்கம் பிரிந்ததும் ஸ்லைடில் ஏந்தி எடுப்பேன். ஏழு வருடத்தில் எனக்கு அலுக்காத வேலை அதுதான். அப்புறம் சாயம். அணுவின் கருவை நீலமாக்குகிற ஹீமாட்டாக்சிலின் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து வருவது. ஈயோசின் மற்றதையெல்லாம் இளஞ்சிவப்பாக்கும்.

இதுவரைக்கும் இரண்டு மூன்று நாள். கழுத்துக் கட்டியில் இதற்குமேல்தான் சிக்கலே. நம் நாட்டில் அது காசநோயாகவும் இருக்கலாம், நிணநீர்ப் புற்றாகவும் இருக்கலாம், வேறு இடத்துப் புற்று பரவியதாகவும் இருக்கலாம். மருந்து முற்றிலும் வேறு வேறு. சந்தேகம் இருந்தால் பிளாக்கை இன்னும் ஆழமாகச் சீவச் சொல்வார்கள், காசநோய்க் கிருமிக்கான சாயம் போடச் சொல்வார்கள், ஐ.எச்.சி. என்ற சோதனைக்கு அனுப்புவார்கள். இந்த அணு எந்த வகையைச் சேர்ந்தது என்று அதன் புரதத்தை வைத்துச் சொல்வது அது. ஒவ்வொன்றும் ஓரிரு நாளாவது இழுக்கும். எட்டு நாள் ஆனதாலேயே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. லேபில் நேரே போய் "ஐ.எச்.சி. போட்டிருக்கிறீர்களா, எதற்காகக் காத்திருக்கிறீர்கள்" என்று கேளுங்கள். சொல்வார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. கழுத்துக் கட்டியை முழுசாக எடுத்து மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், அதன்பிறகு கல்ச்சர் செய்ய வழியில்லை. ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு ஸ்லைடில் காசநோயின் அடையாளம் தெளிவாகத் தெரிந்தது. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்று பார்க்க உயிருள்ள சதை ஒரு துளிகூட மிச்சமில்லை. மறுபடி அவன் கழுத்தில் ஊசி குத்தி எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு சிறு துண்டைத் தனியாக நார்மல் சலைன் என்ற உப்புநீரில் போட்டு அன்றே அனுப்பியிருந்தால் போதும். உங்கள் வீட்டில் யாருக்காவது கட்டி எடுப்பதாக இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் "கல்ச்சருக்கும் தனியாக அனுப்புவீர்களா சார்" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சித்தப்பாவின் ரிப்போர்ட் வந்ததும், இரண்டாவது கருத்து வேண்டும் என்று தோன்றினால் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஸ்லைடையும் பிளாக்கையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு பேத்தாலஜிஸ்ட் அதே சதையைத் தன் கண்ணால் பார்க்க முடியும். பிளாக்கை வெயிலில் வண்டிக்குள் வைத்துவிடாதீர்கள், உருகிவிடும்.

அம்மாவுக்கு அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது பழைய இரண்டு ரிப்போர்ட்டையும் காட்டி, ஊதா மூடியோடு நீல மூடி ட்யூபிலும் எடுத்து ஸ்லைடு பார்க்கச் சொல்லுங்கள். கொத்து இருப்பது உறுதியானால், "ஈ.டி.டி.ஏ.வில் பிளேட்லெட் ஒட்டும்" என்று டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கி அம்மாவின் பர்ஸிலேயே வைத்துவிடுங்கள்.