நாகப்பட்டினம் கப்பல்ல ஏர்சாஃப்ட் கன் கொண்டு போலாமா?

திருவாரூர் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. பெங்களூர்ல வேலை பாக்கறப்ப ஏர்சாஃப்ட், அதாவது நிஜத் துப்பாக்கி மாதிரி இருக்கற கன்னால சின்ன பிளாஸ்டிக் உருண்டை சுட்டு விளையாடறது, கத்துக்கிட்டாராம், இப்ப யாழ்ப்பாணத்துல இருக்கற கூட்டாளி ரெண்டு நாள் வந்து விளையாடிட்டு போன்னு கூப்பிடுறாராம். கையில பேட்டரில ஓடற எம்4 ரைஃபிள் மாடல் ஒண்ணு, கேஸ் பிஸ்டல் ஒண்ணு, ரெண்டு லிபோ பேட்டரி, 6 மில்லிமீட்டர் பிபி உருண்டை பாக்கெட், மாஸ்க், வெஸ்ட் எல்லாம் இருக்கு. "ஏர்போர்ட்ல விடமாட்டாங்க, ஆனா நாகை - காங்கேசன்துறை கப்பல்ல செக்கிங் அவ்வளவா இருக்காதுன்னு சொல்றாங்க, கழட்டி துணிக்கு நடுவுல வச்சுட்டா போதுமா? இங்கிலாந்துல இருக்கற அத்தை பையன் டோவர் - கலே ஃபெர்ரில கொண்டு போறானே"ன்னு கேக்கறாரு.

தம்பி, அந்த ரெண்டு கன்னையும் வீட்டுலயே வச்சுட்டு போங்க. கழட்டி ஒளிக்கறது இருக்கு பாருங்க, அத மட்டும் பண்ணவே பண்ணாதீங்க. இருபது வருஷத்துக்கு மேல துறைமுகத்துல கிளியரிங் வேலை பாத்தவன், அந்த அக்கறைல சொல்றேன்.

கப்பல்னா செக்கிங் லேசா இருக்கும்ங்கறது நம்ம தாத்தா காலத்து நினைப்பு. ரஜுலா கப்பல்ல நாகப்பட்டினத்துலேர்ந்து பினாங்கு, சிங்கப்பூர்னு டிரங்க் பெட்டியோட போனவங்க கதை கேட்டு வளந்தவங்க தானே நாம எல்லாரும். இப்ப நிலைமை வேற, 2004 ஜூலைலேர்ந்து உலகம் பூரா துறைமுகத்துக்கும் கப்பலுக்கும் ஐஎஸ்பிஎஸ்னு ஒரு பாதுகாப்பு விதி ஓடிட்டிருக்கு, நாடு விட்டு நாடு போற பயணிக் கப்பல்னா லக்கேஜ் ஸ்கேன், இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் உண்டு. 2023 அக்டோபர் 14ல செரியபாணி கப்பல் ஆரம்பிச்சப்பவும் சரி, 2024 ஆகஸ்ட் 16ல சிவகங்கை கப்பல் வந்தப்பவும் சரி, இது ஏதோ படகு சவாரின்னு யாரும் நினைக்கல. அந்தப் பக்கம் காங்கேசன்துறை பல வருஷம் உயர் பாதுகாப்பு வலயமா இருந்த இடம், கடற்படை இப்பவும் அங்க இருக்கு. நம்ம அக்கரைப்பேட்டை மீனவங்கள கேட்டா தெரியும் அந்தக் கடல்ல எவ்வளவு கண்காணிப்புன்னு.

எக்ஸ்ரேல உங்க சாமான் எப்படி தெரியும்னு யோசிச்சு பாருங்க. வெளிய இருக்கற பிளாஸ்டிக் மங்கலா போயிரும், உள்ள இருக்கற மெட்டல் கியர்பாக்ஸ், ஸ்பிரிங், பித்தளை பேரல், டிரிகர் இதெல்லாம் பளிச்சுனு நிக்கும். முனையில ஆரஞ்சு பெயின்ட் அடிச்சிருக்கேன்னு சொல்லுவீங்க, பெயின்ட் கலர் எக்ஸ்ரேக்கு தெரியாது. முழுசா அதோட பெட்டில வச்சு இதான் சாமான்னு முன்னாடியே சொன்னா அது விளையாட்டு பொருள் பத்தின பேச்சு, அதையே பேரல் தனியா டிரிகர் தனியா கைலிக்குள்ள சுத்தி வச்சிருந்தா பாக்கறவருக்கு துப்பாக்கிய பிரிச்சு கடத்தற மாதிரி தான் படும், அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் எடுபடாது.

அடுத்தது சட்டம். நம்ம ஊர்ல 1959 ஆயுதச் சட்டம், அதுக்கு 2016ல வந்த விதிகள். லைசென்ஸ் வேண்டாத ஏர் கன்னுக்கு ரெண்டு அளவு இருக்கு, குண்டு வெளிய வர்றப்ப இருக்கற சக்தி 20 ஜூலுக்குள்ள இருக்கணும், பேரல் துவாரம் 4.5 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். உங்க எம்4 0.20 கிராம் பிபிய செகண்டுக்கு 350 அடி வேகத்துல தள்ளுதுன்னு வச்சுக்குங்க, கணக்கு போட்டா 1.14 ஜூல் தான் வருது, 20க்கு பக்கத்துல கூட வரல. ஆனா பிபியே 6 மில்லிமீட்டர்! ஒரு அதிகாரி விதிய எழுத்துக்கு எழுத்து படிச்சா துவாரம் தாண்டிருச்சேன்னு கேக்க இடம் இருக்கு. அதே விதிகள்ல நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கற ரெப்ளிக்கா பத்தியும் தனியா பேசிருக்கு. கடைக்காரர் பில்லுல டாய்னு போட்டுத் தந்தாருங்கறது வாங்கினதுக்கு ஆதாரம், அவ்வளவு தான், அது டாயா இல்லையான்னு முடிவு பண்றது பில்லு இல்ல.

நிறைய பேரு யோசிக்காத இடம் திரும்பி வர்றது. போறப்ப எப்படியோ போயிட்டீங்கன்னே வைங்க, அங்கேர்ந்து எடுத்துட்டு வந்தா நம்ம கஸ்டம்ஸ் கணக்குல அது இறக்குமதி, ஏர் கன் வகையறா இறக்குமதிக்கு கட்டுப்பாடு இருக்கு. உங்க சொந்த சாமான் தான்னு காட்ட போறப்பவே எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் போட்டிருக்கணும். இலங்கைப் பக்கம் 1916லேர்ந்தே சுடுகலன் சட்டம் இருக்கு, ஆயுதம்னு எது வந்தாலும் பாதுகாப்பு அமைச்சு அனுமதி தான். முப்பது வருஷத்துக்கிட்ட போர் பாத்த மண்ணு அது. எம்4 மாதிரி ஒண்ண தோள்ல மாட்டிட்டு ஒருத்தன் தெருவுல நடந்தா அங்க இருக்கற சனங்களுக்கு எப்படி இருக்கும்னு கொஞ்சம் நினைச்சு பாருங்க, எனக்கு சட்டத்த விட அது தான் பெருசா படுது. கேமோ டிரெஸ்ஸும் அதனால வேண்டாம், சாதா கலர்ல போங்க.

ஒருத்தர் கதை சொல்றேன், ஊர் பேரு வேண்டாம். வெளிநாட்டுலேர்ந்து வந்தவர் அக்கா பையனுக்குன்னு ஏர்சாஃப்ட் பிஸ்டல் ஒண்ணு வாங்கிட்டு வந்து எதுவும் சொல்லாம, டிக்ளேர் பண்ண ஒண்ணும் இல்லாதவங்க போற கிரீன் சேனல் வழியா நடந்துட்டாரு. காலையில பிடிச்சது, சாயங்காலம் வரைக்கும் வாக்குமூலம், குடும்பம் வெளிய வெயில்ல நிக்குது, கன் போயிருச்சு. முதல்லயே வாயத் திறந்து சொல்லிருந்தா 1962 கஸ்டம்ஸ் சட்டம் 80வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, உண்மையா டிக்ளேர் பண்ணின சாமான உள்ள விட முடியலன்னாலும் ரசீது போட்டு வச்சிருந்து நாட்ட விட்டு திரும்பி போறப்ப குடுக்கச் சொல்லி கேக்கலாம். சொல்லாம வந்தவருக்கு அந்த வழி கிடையாது.

அத்தை பையன் விஷயம் வேற கணக்கு. பிரிட்டன்ல 2017 சட்டத்துல ஏர்சாஃப்டுக்குன்னே அளவு இருக்கு, தொடர்ந்து சுடற ஆட்டோமேடிக் கன்னுக்கு 1.3 ஜூல், சிங்கிள் ஷாட்டுக்கு 2.5. பிரான்ஸ்ல 2 ஜூலுக்குள்ளன்னா அது ஆயுதம் இல்ல, ஆனா பதினெட்டு வயசுக்கு கீழ விக்கக் கூடாது. அதனால அவருக்கு அங்க ரூட் இருக்கு. அப்பவும் கப்பல் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதி பதில் வாங்கி, செக் இன்ல சொல்லி, பெட்டில பூட்டி, பேட்டரிய கழட்டித் தான் போகணும். திரும்ப பிரிட்டனுக்குள்ள வர்றப்ப விளையாட்டுக்காரர்னு காட்ட யுகேஏஆர்ஏ பதிவு மாதிரி ஏதாவது வேணும். அதே ஆளு ஹார்விச்லேர்ந்து ஹாலந்து போறேன்னு கிளம்பினா நிலைமை மாறிரும், அங்க ஏர்சாஃப்ட் சங்கத்துல மெம்பர் இல்லாம வச்சிருந்தாலே குத்தம். சிங்கப்பூர், மலேசியா பக்கம்லாம் நினைக்கவே வேண்டாம்.

கொண்டே தான் போகணும்னு பிடிவாதமா இருந்தா கலெக்டர் ஆபீஸ்ல ஆயுத உரிமம் பாக்கற செக்ஷன், நாகை கஸ்டம்ஸ், கப்பல் கம்பெனி, இலங்கை பாதுகாப்பு அமைச்சு, நாலு இடத்துலயும் எழுத்துல பதில் வாங்குங்க. போன்ல "பரவால்ல சார் வாங்க"ன்னு சொன்னது கவுன்டர்ல நிக்காது. நாலுல ஒண்ணு வரலன்னாலும் விட்டுருங்க.

பிஸ்டலுக்கு அடைக்கற கேஸ் கேன் எந்த நிலைமையிலயும் வேண்டாம், கிரீன் கேஸ்ங்கறது புரொப்பேன்ல சிலிகான் எண்ணெய் கலந்தது தான், நம்ம அடுப்பு சிலிண்டர் ஜாதி. பிபி 5000 உருண்டை ஒரு கிலோ கனம், அத வேற எதுக்கு சுமக்கறீங்க. கண்ணு மாஸ்க், கிளவ்ஸ், பூட்ஸ், முழங்கால் பேட் மட்டும் எடுத்துக்குங்க, மாஸ்க் மட்டும் கண்டிப்பா உங்களோடதா இருக்கட்டும், அடுத்தவர் மாஸ்க் மூஞ்சில சரியா உக்காராது. உங்க கூட்டாளி அங்க எந்த கிரவுண்டுல, யாரு அனுமதியோட விளையாடுறாருன்னு முதல்ல கேட்டு வைங்க. அப்புறம் ஐப்பசி கார்த்திகைல கடல் கொந்தளிச்சா கப்பல் நின்னுரும், டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ விசாரிச்சுக்குங்க.